அடித்தால் எஃகு இறுகுமா? ஹை கார்பன் எஃகு, உலை, சம்மட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாட்களில் எனக்கு ஹீட் ட்ரீட்மென்ட் (எஃகைச் சூடேற்றி, ஆற்றி அதன் குணத்தை மாற்றும் வேலை) லேபில் வேலை. எஃகுத் துண்டை அறுத்து, கண்ணாடி போலப் பாலிஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கடினத்தன்மை அளந்து ரிப்போர்ட் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கொல்லையில் இருக்கும் சின்ன உலையில் கத்தி அடித்துப் பழகுவேன். லேபில் இருப்பவர்கள் பட்டறையைப் பற்றிக் கேட்பார்கள், பட்டறையில் இருப்பவர்கள் லேபைப் பற்றிக் கேட்பார்கள். அதிகம் வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹை கார்பன் எஃகு என்று எதைச் சொல்கிறீர்கள்? என்னிடம் கிடக்கும் இரும்பு அந்த வகையா?

இரும்பில் சுமார் 0.6 சதவீதத்துக்கு மேல் கார்பன் இருந்தால் அதை ஹை கார்பன் எஃகு என்பது வழக்கம். பழைய இரும்புக் கடையில் கிடைப்பவற்றில் லாரி ஸ்பிரிங் பட்டை 0.5 முதல் 0.6 சதவீதம், அதாவது வாசற்படியில் நிற்கும் ரகம். ரயில் தண்டவாளம் 0.6 முதல் 0.8 வரை. பால் பேரிங்கின் வளையமும் உருண்டையும் ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன், கூடவே 1.5 சதவீதம் குரோமியம். நல்ல பழைய அரம் என்றால் 1.2 சதவீதம் வரை போகும்.

வீடு கட்ட வாங்கும் முறுக்குக் கம்பியில் கார்பன் கால் சதவீதம்தான். அதை எவ்வளவு அழகாக அடித்தாலும் விளிம்பு நிற்காது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கம்பியில் அடித்த கத்தியைக் கொண்டுவந்து காட்டி, "நல்லாத்தானே வெட்டுது?" என்பார்கள். முதல் நாள் எல்லாம் நல்லாத்தான் வெட்டும்.

சரி, நேராகவே கேட்கிறேன். அடித்தால் எஃகு கெட்டிப்படுமா, படாதா?

காய்ச்சி அடிக்கும்போது கெட்டிப்படாது. செந்தணலில் இருக்கும் எஃகை நூறு அடி அடித்தாலும், ஆறிய பிறகு அதன் கடினம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அது எந்தச் சூட்டிலிருந்து எவ்வளவு வேகத்தில் ஆறியது என்பதுதான். ஒரே கம்பியின் இரண்டு துண்டுகளில் ஒன்றை அடித்தும் ஒன்றை அடிக்காமலும், ஒரே சூட்டிலிருந்து ஒரே எண்ணெயில் முக்கினால் ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் பெரிய வித்தியாசம் வராது.

அப்படியானால் சம்மட்டிக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அந்தக் கடினம் உளுத்த சுவர் மேல் நிற்கிறதா, நல்ல அஸ்திவாரத்தில் நிற்கிறதா என்பதில் உலைக்கும் சம்மட்டிக்கும் பங்கு உண்டு. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பது மொத்தமும் இதுதான். கீழே இருப்பது விளக்கம்.

எஃகுக்கு உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

பாலிஷ் போட்ட துண்டின் மேல் நைட்டல் என்ற கரைசலைச் சில நொடி தடவுவோம். ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்தது, அவ்வளவுதான். கண்ணாடியாக இருந்த முகம் லேசாக மங்கும். பிறகு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உள்வீடு தெரியும்.

மெதுவாக ஆறிய 0.8 சதவீத கார்பன் எஃகில், கைரேகை மாதிரி நெருக்கமான கோடுகள் தெரியும். மென்மையான ஃபெரைட் ஒரு தகடு, இரும்பும் கார்பனும் சேர்ந்த, கண்ணாடி போல உடையக்கூடிய சிமென்டைட் ஒரு தகடு என்று மாறி மாறி அடுக்கிய அமைப்பு. இதற்குப் பெயர் பியர்லைட். முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுங்கியதால் வந்த பெயர். காற்றில் ஆறிய பியர்லைட் ராக்வெல் சி அளவில் 30-ஐ ஒட்டி இருக்கும். கோடுகள் நெருங்க நெருங்கக் கடினம் ஏறும்.

இதே எஃகை 727 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோனால் இந்த அடுக்கு கரைந்து ஆஸ்டெனைட் ஆகிவிடும். கார்பன் முழுவதும் சர்பத்தில் சர்க்கரை மாதிரி உள்ளே கரைந்திருக்கும். அங்கிருந்து சட்டென்று குளிர்வித்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைக்காது. மாட்டிக்கொண்ட கார்பன் இரும்பின் படிக அமைப்பை ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடும். அதுதான் மார்ட்டென்சைட். மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரியும். 0.8 சதவீத கார்பன் இருந்தால் கடினம் 65 வரை எகிறும். அரம் வழுக்கும், கீழே போட்டால் உடையும்.

30-லிருந்து 65-க்குத் தாவியதில் சம்மட்டி எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் அடிப்பதால் உள்ளே நடப்பது என்ன?

எஃகு முழுவதும் கிரெயின்களால் ஆனது. பாக்கெட்டில் அமுங்கிய சோளப்பொரி மாதிரி, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் ஒட்டிய படிக மணிகள். செந்தணலில் இருக்கும்போது ஒவ்வொரு அடியும் இந்த மணிகளை நசுக்குகிறது. நசுங்கிய மணி அப்படியே இருக்க விரும்பாது. அதன் எல்லைகளில் புதிய, சின்னச் சின்ன மணிகள் முளைத்துப் பழையதைத் தின்றுவிடும். சூடாக அடித்த எஃகு கல்லாகாமல் தொடர்ந்து வளைந்து கொடுப்பதற்குக் காரணம் இதுதான். அடியால் ஏறும் இறுக்கத்தை அடுத்த நொடியே சூடு அவிழ்த்துவிடுகிறது.

ஆனால் அதே சூடு இன்னொன்றும் செய்யும். அடிக்காமல் உலையில் கிடந்தால் பெரிய மணிகள் சின்ன மணிகளை விழுங்கி வளரும். 1100 டிகிரியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரும் நேரம் விட்டால் போதும், அதுவரை அடித்துச் சின்னதாக்கியதெல்லாம் வீண். கடைசிச் சூட்டில் எவ்வளவு அடித்தீர்கள், அதன் பிறகு எவ்வளவு நேரம் சூட்டில் வைத்தீர்கள் என்பதுதான் மிஞ்சும்.

வார்ப்பாக வந்த எஃகுக் கட்டி என்றால் சம்மட்டிக்கு வேறு உருப்படியான வேலை உண்டு. உள்ளே இருக்கும் குமிழ்த் துளைகளை மூடும், கரடுமுரடான வார்ப்பு அமைப்பை உடைக்கும், கசடு இழைகளைப் பண்டத்தின் நீளவாக்கில் திருப்பிவிடும். கிராங்க் ஷாஃப்டை ஃபோர்ஜிங்கில் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் நீங்களும் நானும் வாங்கும் பட்டை ஏற்கெனவே ரோலிங் மில்லில் நசுங்கி இந்த நன்மைகளைப் பெற்றுவிட்டது.

கிரெயின் பெருத்துவிட்டால் என்ன ஆகும்? பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒருமுறை நானே செய்து பார்த்தேன். 0.8 சதவீத கார்பன் கம்பியிலிருந்து விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு. ஒன்றை மஞ்சள் சூட்டில் அரை மணி நேரம் வாட்டி, அப்படியே துவைச்சல் போட்டேன், அதாவது முக்கிச் சட்டென்று குளிர்வித்தேன். இன்னொன்றை முறையாக நார்மலைஸ் (மிதமாகச் சூடேற்றிக் காற்றில் ஆற விடுவது) செய்துவிட்டு, சரியான சூட்டில் துவைச்சல். இரண்டையும் மறுநாள் ராக்வெல் மெஷினில் வைத்தால் ஒன்று 64, ஒன்று 65. ரிப்போர்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வைஸில் கடித்துச் சுத்தியலால் தட்டினேன். முதல் துண்டு, தட்டினேனா என்று எனக்கே சந்தேகம் வருவதற்குள் முறிந்து விழுந்தது. முறிந்த முகம் ஈரச் சர்க்கரையை உடைத்தது போல, மணி மணியாகப் பளபளத்தது. இரண்டாவது நாலைந்து அடி வாங்கிய பிறகுதான் விட்டது. அதன் முகம் பளபளப்பே இல்லாமல், பீங்கான் கோப்பை உடைந்த இடம் மாதிரி மெல்லிய சாம்பல் நிறம்.

வீட்டில் செய்பவருக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. கத்தி அடிக்கும்போது அதே பட்டையில் ஒரு சின்னத் துண்டை நறுக்கி, கத்தியோடு சேர்த்தே எல்லாச் சூட்டுக்கும் அனுப்புங்கள். கடைசியில் அதை உடைத்துப் பாருங்கள். சர்க்கரை தெரிந்தால் கத்தியும் அந்தக் கதிதான்.

பெருத்த கிரெயினைத் திரும்பச் சின்னதாக்கலாமா?

ஆக்கலாம், அதுவும் சம்மட்டி இல்லாமலே. பியர்லைட் ஆஸ்டெனைட்டாக மாறும் ஒவ்வொரு முறையும் பழைய மணி எல்லைகளில் புது மணிகள் பிறக்கும். அதிகச் சூடு ஏற்றாமல் அந்த 727 டிகிரி எல்லையைச் சற்றே தாண்டிவிட்டுக் காற்றில் ஆற விட்டால், புதுமணிகள் வளர வாய்ப்பில்லாமல் சின்னதாகவே நின்றுவிடும். இதுதான் நார்மலைசிங். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்த சூட்டில் செய்வது பலரின் பழக்கம், எனக்கும் அதுதான்.

இதை இருட்டிய பிறகு செய்து பாருங்கள். உலையிலிருந்து எடுத்த கத்தி மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே வரும். சுமார் 700 டிகிரிக்கு வரும்போது, மங்கிக்கொண்டிருந்த பட்டை தன்னாலேயே மறுபடி ஒளி கூடும். மெல்லிய விளிம்பில் தொடங்கி முதுகை நோக்கி ஒரு நிழலும் அதன் பின்னால் ஒரு வெளிச்சமும் ஊர்ந்து போகும். ஆஸ்டெனைட் பியர்லைட்டாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் அது. மைக்ரோஸ்கோப்பில் வருஷக்கணக்காகப் பார்த்த மாற்றத்தை வெறுங்கண்ணால் முதன்முதலாகப் பார்த்த அன்று, நான் உலையை அணைக்க மறந்து நின்றிருக்கிறேன்.

ஆறி வரும்போது விளிம்பை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் "இறுகும்" என்கிறார்களே?

உலகம் முழுக்க கொல்லர்களிடம் இருக்கும் நம்பிக்கை இது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். தட்டிய பிறகும் அதேதான், நெருக்கி அடைப்பதற்கு உள்ளே காலி இடம் இல்லை. சொல்லப்போனால் துவைச்சல் போட்டு மார்ட்டென்சைட் ஆகும்போது எஃகின் பருமன் சற்றுக் கூடுகிறது.

ஆனால் நம்பிக்கை முழுப் பொய்யும் இல்லை. குளிர்ந்த எஃகை அடித்தால் படிகத்துக்குள் குறைகள் பெருகி அது நிஜமாகவே கடினமாகும். ஹை கார்பன் எஃகில் இதன் உச்சத்தைக் கேட்க வேண்டுமானால் கிட்டாரின் எஃகுத் தந்தியைத் தட்டிப் பாருங்கள். நெருக்கமான பியர்லைட் கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே துளை துளையாக இழுத்து மெலித்துத்தான் அந்தப் பலம் வருகிறது, துவைச்சலில் இல்லை. கத்திக்கு இது உதவாததன் காரணம் எளிது. தட்டி முடித்ததும் துவைச்சலுக்காக மறுபடி உலையில் வைப்பீர்கள். ஆஸ்டெனைட் ஆன அந்த நிமிஷம் தட்டியதெல்லாம் அழிந்து போகும்.

பழைய கொல்லர்களின் கத்தி ஏன் நன்றாக இருந்தது, பிறகு? குறைந்த சூட்டில் முடித்ததால் கிரெயின் பெருக்கவில்லை என்பது என் கணிப்பு. பலன் உண்மை, சொன்ன காரணம்தான் வேறு.

எந்த நிறத்தில் அடிக்கத் தொடங்கி எந்த நிறத்தில் நிறுத்துவது?

ஆரஞ்சிலிருந்து இளமஞ்சள் வரை, அதாவது 950 முதல் 1100 டிகிரி வரை, பெரிய உருவ மாற்றங்களுக்கு. முடிக்கும் வேலைகளுக்கு ஆரஞ்சும் சிவப்பும் சேரும் நிறம், சுமார் 850. அதற்குக் கீழே பலமாக அடிக்காதீர்கள். வெள்ளைச் சூட்டுக்குப் போகவே வேண்டாம். சாதா இரும்பு தாங்கும், கார்பன் ஏற ஏற எஃகு உருகத் தொடங்கும் சூடு இறங்கிக்கொண்டே வரும். பொறி தெறிக்க ஆரம்பித்தால் கிரெயின் எல்லைகள் கருகிவிட்டன என்று அர்த்தம். அதை எந்த நார்மலைசிங்கும் மீட்காது, வெட்டி எறிய வேண்டியதுதான்.

நிறத்தை வெயிலில் பார்க்காதீர்கள். வெயிலில் சிவப்பாகத் தெரிவது நிழலில் ஆரஞ்சு.

மெல்லிய விளிம்பு, அடி தாங்கும் பட்டடையின் குளிர்ந்த முகத்தில் பட்டே இறுகிவிடக்கூடும், அதிலும் குரோமியம் கலந்த பட்டை என்றால். அந்த இடத்தில் அடுத்த அடி விழுந்தால் "டிங்" என்று ஒரு சத்தம் வரும். வெடித்த சத்தம் அது.

துவைச்சல் தண்ணீரிலா, எண்ணெயிலா?

லாரிப் பட்டைக்கும் பேரிங்குக்கும் வெதுவெதுப்பான எண்ணெய். அவற்றில் இருக்கும் சிலிக்கான், மாங்கனீஸ், குரோமியம் மாற்றத்தைத் தாமதப்படுத்துவதால் எண்ணெயின் வேகமே போதும். தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும் ஆபத்து அதிகம். வேறு கலப்பு அதிகம் இல்லாத வெறும் கார்பன் எஃகு, உதாரணமாகப் பழைய அரம், அவசரக்காரன். 550 டிகிரியை ஒட்டிய பகுதியை ஒரு நொடிக்குள் கடக்காவிட்டால் பியர்லைட் முந்திக்கொள்ளும். அதற்கு உப்புத் தண்ணீர் அல்லது வேகமான துவைச்சல் எண்ணெய். உப்பு போடுவது எஃகைச் சுற்றி உருவாகும் ஆவிப் போர்வையைச் சீக்கிரம் கிழிப்பதற்காக.

எண்ணெய் என்றால் தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். மூடியுள்ள இரும்புப் பாத்திரம், திறந்த வெளி.

நன்றாகச் சூடேற்றித்தான் துவைத்தேன். அரம் இன்னும் கடிக்கிறதே?

முதலில் மேல்தோலைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு முறை உலையில் வைக்கும்போதும் காற்று மேற்பரப்பின் கார்பனைத் தின்கிறது. பத்து சூடு வாங்கிய கத்தியின் மேல் மெல்லிய கார்பன் இல்லாத தோல் இருக்கும். கொஞ்சம் தேய்த்துவிட்டு அதே இடத்தில் அரத்தை ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வழுக்கும்.

அதுவும் இல்லை என்றால் சூடு போதவில்லை. காந்தம் வைத்துப் பார்க்கலாம். ஆஸ்டெனைட்டைக் காந்தம் இழுக்காது. காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு சாயல் ஏறும் வரை பொறுத்து, கார்பன் கரைய ஓரிரு நிமிஷம் கொடுத்து, பிறகு முக்குங்கள்.

மூன்றாவது காரணம் யாரும் எதிர்பார்க்காதது. சூடு அதிகமானாலும் கடினம் குறையும். பேரிங் மாதிரி 1 சதவீத எஃகை மிகச் சூடாக்கினால் கார்பைடு (கார்பன் சேர்ந்த கடினத் துகள்கள்) முழுவதும் கரைந்துவிடும். கார்பன் அதிகம் கரைந்த ஆஸ்டெனைட் அறை வெப்பநிலைக்கு வந்தும் முழுதாக மார்ட்டென்சைட் ஆகாது. ஊசிகளுக்கு இடையில் வெள்ளைத் திட்டாக மிஞ்சி நிற்கும், அது மென்மை. இன்னும் சூடேற்றினால் சரியாகும் என்று நினைத்து இன்னும் கெடுப்பவர்கள் நிறைய.

டெம்பர் என்பது என்ன? துவைச்சலும் டெம்பரும் ஒன்றா?

பேச்சு வழக்கில் இரண்டையும் சேர்த்தே "டெம்பர்" என்கிறோம், "டெம்பர் போச்சு" என்றால் கடினம் போனது என்று அர்த்தம். லேபில் வேறு. துவைச்சலுக்குப் பிறகு மிதமாக மறுசூடு காட்டி, மாட்டிக்கொண்ட கார்பனில் கொஞ்சத்தை நுண்ணிய கார்பைடாக வெளியேற விடுவதுதான் டெம்பரிங். கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உடையாத குணத்தை வாங்கிக்கொள்கிறோம்.

சமையல் கத்திக்கு 200 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு முறை. கேக் செய்யும் ஓவனே போதும். அரிவாளுக்கு இன்னும் அதிகச் சூடு கொடுத்து 50 முதல் 55 வரை இறக்கிவிடுவது நல்லது. தேங்காய் நாரையும் முள்ளையும் வெட்டும் கருவிக்கு விளிம்பு மடங்கினால் தீட்டிக்கொள்ளலாம், தெறித்தால் ஆபத்து. துவைச்சல் போட்ட கத்தியை "நாளைக்கு டெம்பர் பண்ணலாம்" என்று வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் விரிசலோடு எழுந்திருந்த கத்தி என்னிடம் ஒன்று இருக்கிறது.

நம் ஊர் உருக்கு பற்றிச் சொல்லுங்கள். அது அடித்ததால்தானே அவ்வளவு பேர் வாங்கியது?

இங்கேதான் அடிப்பது நிஜமாகவே கதாநாயகன் ஆகிறது. ஈரோடு அருகே கொடுமணல், பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் மூசைகளின், அதாவது உருக்கு செய்யும் மண் குடுவைகளின், மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர்கள் ஊட்ஸ் என்று அழைத்த இந்த உருக்கில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் ஒன்றரையை ஒட்டி. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத் எழுதிய குறிப்பில், இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரை விறகையும் எருக்கு இலையையும் மூசைக்குள் வைத்து மண்ணால் அடைத்ததாகச் சொல்கிறார். கார்பன் வந்த வழி அது.

இவ்வளவு கார்பன் இருந்தால் மெதுவாக ஆறும்போது சிமென்டைட் கிரெயின் எல்லைகளைச் சுற்றி வலை பின்னிவிடும். அந்த வலை இருக்கும் வரை கட்டி கண்ணாடிதான். லண்டன், பாரிஸ் கொல்லர்கள் தங்கள் இரும்புக்குப் பழகிய வெண்சூட்டில் இதை அடிக்கப் போனார்கள். கட்டி கையோடு உதிர்ந்தது. மங்கிய சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட சூட்டில், பொறுமையாகச் சின்னச் சின்ன அடியாக அடித்தால்தான் வலை உடைந்து கார்பைடு உருண்டைகளாகும். அந்த உருண்டைகள் வரிசை கட்டி நிற்பதுதான் இந்த உருக்கில் செய்த டமாஸ்கஸ் வாளின் நீரோட்டக் கோலம். கோலத்தின் வரிசைக்குக் கனிமத்தோடு வந்த மிக நுண்ணிய அளவு வனேடியம் போன்றவை காரணம் என்று அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து செய்த ஆய்வுகள் காட்டின.

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் 1819-ல் இந்த உருக்கைப் பகுத்துப் பார்த்திருக்கிறார். கொல்லன் மகனான அவரே அலுமினியத்தையும் சிலிக்காவையும் காரணம் காட்டித் தடுமாறினார். கார்பன்தான் விஷயம் என்று 1820-களில் பாரிஸ் நாணயச்சாலையின் பிரெயான் சொன்னார்.

அடித்த கத்தி வாங்கவா, பட்டையை வெட்டித் தேய்த்த கத்தி வாங்கவா?

ஹீட் ட்ரீட்மென்ட் யார் ஒழுங்காகச் செய்கிறாரோ அவரிடம் வாங்குங்கள். தேய்த்துச் செய்பவர் எஃகைப் பெருஞ்சூட்டுக்குக் கொண்டுபோவதே இல்லை, கெடுப்பதற்கு அவருக்கு வாய்ப்பு குறைவு. அடிப்பவர் கெடுக்கவும் முடியும், சரிசெய்யவும் முடியும். முதுகு தடித்து நுனி மெலிந்த உருவத்தைப் பொருள் வீணாகாமல் கொண்டுவரவும் அவரால்தான் முடியும்.

வாங்கும்போது "கையால் அடித்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "துவைச்சலுக்கு முன்னால் எத்தனை தடவை ஆறவிட்டீங்க?" என்று கேளுங்கள். தெரிந்தவர் என்றால் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.